மூன்று தரம் கேட்பவர்

அவரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கடற்கரையில் எல்லோரும் சொன்னார்கள். நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எனக்கு வாய் நீளம். அது எங்கள் சாம்பல்தீவு முழுக்கத் தெரிந்த விஷயம். இவ்வளவு பயந்த ஆளுக்கு எதற்கு வெல்டிங் வேலை, பேசாமல் ஒரு பூக்கடை வைத்திருக்கலாமே என்று அவருடைய முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம் பிள்ளை, பூ வாடினால் ஆரும் சாகமாட்டினம். நல்ல யோசனைதான்" என்று உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறவர்போலத் தலையை ஆட்டினார்.

பாலையூற்றில் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டின் பக்கச்சுவரோடு தகரம் இறக்கிய பத்திதான் அவருடைய பட்டறை. கேற், யன்னல் கம்பி என்று இரும்பு வேலையோடு வருகிறவர்களைச் சந்தியில் இருக்கிற வெல்டிங் கடைக்கு அனுப்பிவிடுவார். அவர் எடுப்பது வார்ப்பு அலுமினியம் மட்டும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி அந்தச் சாமானுக்குக் குறைவில்லை. மீன்பிடி போட்டுகளின் எஞ்சின் உறை, எஞ்சினைப் போட்டின் பின்பலகையோடு கவ்வி வைத்திருக்கிற பிடி, தண்ணீர் பம்பின் வயிறு, மோட்டார்சைக்கிள் எஞ்சின் மூடி என்று நாளுக்கு நாலைந்து வரும். உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தின்றுகொண்டே இருக்கிற ஊர் இது.

"இரும்பெண்டால் சொல்லும் பிள்ளை," என்பார். "சூடேறினால் சிவக்கும். பிறகு மஞ்சளாகும். நான் உருகப்போறன், விலகு எண்டு சொல்லிப்போட்டுத்தான் உருகும். இது ஒண்டும் சொல்லாது. இருந்த நிறத்திலேயே இருக்கும். இருந்தாப்போல பொத்தெண்டு விழும்."

சொல்லாத சாமானைச் சொல்லவைப்பதுதான் அவருடைய பாதி வேலை. வெடிப்பு எங்கே முடிகிறதென்று கண்ணால் பார்த்து நம்பமாட்டார். மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே சோக்குத் தூளைத் தூவுவார். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு இழுக்கும். அந்தக் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போடுவார். ஓட்டைக்கு அப்பால் வெடிப்பு ஓடாதாம். பிறகு வெடிப்பைப் பள்ளமாகக் கிண்டித் துப்புரவாக்குவார். அதற்கென்று ஒரு கம்பித் தூரிகை இருந்தது. அது இரும்பில் ஒரு தரம் பட்டாலும் கெட்டுவிடும் என்று அலுமாரிக்குள் பூட்டி, திறப்பைக் கழுத்தில் மாதா படத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு சூடு காட்டுவார். அலுமினியத்தில் சலவைச் சவர்க்காரத்தால் ஒரு கோடு கீறிவிட்டு, காஸ் சுவாலையை அசைத்து அசைத்துப் பிடிப்பார். கோடு தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் சூடு காணும். கறுத்தால் கூடிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற தாய் அப்படித்தான் பார்ப்பாள்.

சுணக்கம் தாங்காமல் ஒருநாள் கேட்டேன்: "ஏன் அண்ணை, குச்சி வெல்டிங்கில அரை மணித்தியாலத்தில முடிக்கிறாங்களே?"

"குச்சி அவசரத்துக்கு. காஸில ஒட்டுறது சின்னச் சாமானுக்கு. உயிர் தொங்குற சாமானெண்டால் ஆகன் காஸ் விட்டு ஒட்டுற மெசின்தான்."

"எது உயிர் தொங்குற சாமான்?"

"அது தெரியாமத்தானே எல்லாத்துக்கும் ஆகன் பிடிக்கிறன்," என்றார்.

ஒட்டி முடித்ததைச் சூட்டோடு சாம்பல் நிறைந்த பீப்பாவுக்குள் புதைத்து ஒரு நாள் முழுக்கத் தொடவிடமாட்டார். சட்டென்று குளிர்ந்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்குமாம். எல்லாம் முடிந்து சாமானைக் கையில் தரும்போது மற்றக் கடைக்காரர்கள் "பயப்பிடாதேங்கோ" என்பார்கள். இவர் "பயந்துகொண்டு பாவியுங்கோ" என்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அவருடைய கேள்வி. "எண்ணெய் குடிச்சதோ? ஆரும் முந்தி ஒட்டினதோ? வெடிப்புக்குள்ள பசை கிசை வைச்சதோ?" சாமானை வாங்கும்போது ஒரு தரம் கேட்பார். சோக்குத் தூள் தூவும்போது இன்னொரு தரம். ஒட்டத் தொடங்கும் முன், முகமூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரம். பொலிஸில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள் என்று ஆட்கள் எரிந்து விழுவார்கள். ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி பிரஷர் குக்கர் மூடியைக் கொண்டுவந்தா. அவர் கையாலேயே தொடவில்லை. "மன்னியுங்கோ சிஸ்டர். மோட்சத்துக்குப் போறதெண்டால் நாங்கள் ரண்டுபேரும் வேற வழி பாப்பம்" என்றார். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டா. அவர் சிரிக்கவில்லை, குக்கர் மூடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர் ஒட்டிய சாமான் கடலுக்குப் போனால், முதல் மூன்று நாளும் அந்தக் கரைக்குச் சைக்கிளில் வந்து நிற்பார். போட்டுகள் விடியமுன் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடும். தன்னுடைய ஒட்டு கரைக்கு வந்ததைக் கண்டபிறகுதான் போவார். "இஞ்ச பாருங்கோடா, ஒட்டுக்காரர் வந்திட்டார். இண்டைக்கு ஆரின்ர எஞ்சின் விழப்போகுது?" என்று பொடியள் பகிடி பண்ணுவார்கள். அவரைக் கரையில் கண்டால் மீன் படாது என்று சொன்ன ஆட்களும் உண்டு.

எனக்கு அவரில் கோபம் வந்ததற்குக் காரணம் பகிடி இல்லை. கடலுக்குப் போகிறவனைக் கட்டியவளிடம் பயம் இருக்கும்தான். அதை மடித்து எங்கேயாவது அடியில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் சோறு சமைப்போம், பிள்ளைக்குத் தலை இழுப்போம். இந்த மனிதர் அதை எடுத்து விரித்துக் காட்டிவிடுவார்.

எங்கள் எஞ்சின் பிடியில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்பை என் மனுசன் கண்டபோது, அதை உரப்பையில் போட்டுக்கொண்டு நான்தான் பாலையூற்றுக்குப் போனேன். கரை வேலை எல்லாம் என் பொறுப்பு. ஒட்டுக்காரர் பார்த்தார், கேட்டார், திரும்பவும் கேட்டார்.

"மூண்டு நாள் வேணும் பிள்ளை."

"சரி. நிக்குமோ அண்ணை?"

"ஒட்டுவன்."

"அது தெரியும். நிக்குமோ எண்டு கேட்டனான்."

"நான் பயந்துகொண்டுதான் ஒட்டுவன். உங்கட மனுசனும் பயந்துகொண்டுதான் போகவேணும்."

"அண்ணை, அதில போறது என்ர மனுசனும் என்ர தம்பியும். நிக்குமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் ஓட்டோ பிடித்துப் போயிருந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "உங்களிட்ட ஒட்டுறதும் ஒண்டு, சவப்பெட்டி வாங்கிறதும் ஒண்டு" என்று கத்திவிட்டு, பிடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஹாட்வெயர் கடையில் இறங்கினேன். அங்கே நின்ற பொடியன் இரண்டு டியூப் பசையை எடுத்து முன்னால் வைத்தான். "ரண்டையும் கலந்து பூசுங்கோ அக்கா. கல்லு மாதிரி நிக்கும்." அந்தச் சொல்லை அவன் சொல்லிவிட்டான். நான் வாங்கினேன்.

குசினிக்குள் வைத்து, சிரட்டையில் கலந்து, கத்தி நுனியால் வெடிப்புக்குள் அழுத்தி அழுத்திப் பசையை ஏற்றினேன். காய்ந்தபிறகு அரத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பெயின்ற் அடித்தேன். வெல்டிங் செய்து வந்தது என்று மனுசனிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார், ஒட்டின இடமே தெரியேல்லை. மனுசன் பயந்தாங்கொள்ளியெண்டாலும் கெட்டிக்காரன்" என்றார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

பெருமை ஒரு நாள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒன்பது மணியாகும்வரை முற்றத்தில் நின்று கடலைப் பார்ப்பேன். எங்கள் எஞ்சினின் சத்தம் தூரத்தில் கேட்டால்தான் மூச்சு வரும். ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகு வெள்ளிப் பெயின்றில் அதே கோடு திரும்பவும் தெரிந்தது.

"ஒட்டினவரிட்டயே கொண்டுபோ," என்றார் மனுசன். "என்ன ஒட்டு ஒட்டினவர் எண்டு கேள்."

மேலே தெரிந்த பசையைச் சுரண்டி எடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். ஆழத்தில் போனது ஆழத்திலேயே இருந்தது. நான் பாலையூற்றுக்குப் போனேன்.

"இது போன மாசம் கொண்டுவந்ததெல்லோ? பிறகு ஆரிட்டக் குடுத்தது?"

"ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை. சும்மா கிடந்தது. வேற எஞ்சின் பாவிச்சவை."

"பசை ஏதும் வைச்சதோ?"

"இல்லை."

சோக்குத் தூளைத் தூவினார். கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. மிச்சத்தில் என் பசை இருந்தது. மண்ணெண்ணெய் அதற்குள் போகவில்லை. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவுதானோ? போன மாசம் இதைவிட நீளமெண்டு நினைச்சன். பசை வைக்கேல்லைத்தானே?"

"அதுதான் இல்லையெண்டு சொன்னனே."

கோடு நின்ற இடத்தில் ஓட்டையைப் போட்டார். சூடு காட்டத் தொடங்கினார். சவர்க்காரம் தேத்தண்ணி நிறத்துக்கு வரும் நேரம், பத்திக்குள் ஒரு மணம் எழும்பியது. எரிந்த பிளாஸ்ரிக் மாதிரி. அவர் சுவாலையை விலக்கினார். முகமூடியைத் தூக்கினார். மூன்றாம் தரம்.

"பிள்ளை, என்ன மணம் இது?"

"பெயின்ற் அண்ணை. மனுசன் வெள்ளிப் பெயின்ற் அடிச்சவர்," என்றேன். அவர் வாயைத் திறந்தார். "எத்தினை தரம் கேப்பியள்? ஒட்டத் தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோ!" என்று சீறினேன். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிடியைத் தரும்போது, "எஞ்சினுக்கு ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கோ. பிடி விட்டாலும் கயிறு பிடிக்கும்" என்றார். கட்டுவோம் என்று சத்தியம் வாங்கிவிட்டுத்தான் தந்தார். என் மனுசன் சிரித்துக்கொண்டே கட்டினார்.

பிடியைப் பூட்டிக் கடலுக்குப் போன இரண்டாம் நாள் ஒன்பது மணிக்கு எல்லாப் போட்டும் வந்துவிட்டது. எங்களுடையது வரவில்லை.

ஒட்டுக்காரர் வழமைபோலச் சைக்கிளோடு நின்றார். பத்து மணிக்கு என் பக்கத்தில் வந்து நின்றார். போன் எடுத்தால் ஒன்றும் இல்லை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சின் இல்லாத போட்டை அது எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று மீன்காரன் வீட்டுப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பதினொரு மணிக்கு இரண்டு போட்டுகள் தேடிப் போயின. நான் மணலில் இருந்துவிட்டேன். அந்தப் பசை என்னுடைய நகத்துக்குள் இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. மாதாவே, அவர்களைக் கொண்டுவந்து விடு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று நேர்ந்தேன். பக்கத்தில் நின்ற மனிதருடைய கை துவாயை முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. அவரிடமாவது அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் நீளமானவள் நான், வாயே வரவில்லை.

ஒரு மணி இருக்கும், வடக்கே திரியாய்ப் பக்கமிருந்து வந்த ஒரு போட் எங்கள் போட்டை இழுத்துக்கொண்டு வந்தது. மனுசன் நின்றுகொண்டிருந்தார். தம்பி வலைக்கு மேல் கிடந்தான். பிடி முறிந்து எஞ்சின் கடலில் விழுந்திருக்கிறது. கயிறு அதைத் தாங்கிக்கொண்டது. தம்பி இழுத்து ஏற்றப் போக, அலை தூக்கிய எஞ்சின் போட்டோடு அடித்தது. இடையில் அவனுடைய வலக்கை. சாரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். "அக்கா" என்று ஒரு தரம் சொன்னான், அவ்வளவுதான்.

அவனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியபிறகு மனுசன் திரும்பினார். முறிந்த பிடியின் இரண்டு துண்டையும் ஒட்டுக்காரருடைய காலடியில் எறிந்தார்.

"ரண்டு தரம்! ஒரு மாசத்துக்குள்ள ரண்டு தரம் உன்னட்டத் தந்து ஒட்டினது! ஒருக்கா எண்டாலும் ஒழுங்கா ஒட்டினியோ?"

"ரண்டு தரமோ?" என்றார் அவர்.

குனிந்து துண்டுகளை எடுத்தார். முறிந்த பக்கத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓட்டைவரைக்கும் அவருடைய ஒட்டு பளபளவென்று இருந்தது. ஓட்டைக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் என் பசை. கடலுக்குப் போகிறவன் கண்ணுக்கு அது அழுக்கு. அவர் பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற நாலு மணித்தியாலத்திலும் எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"ஓம்," என்றார். "ரண்டு தரமும் நான்தான். என்ர பிழை."

துண்டுகளைத் தன்னுடைய பைக்குள் போட்டுக்கொண்டார். வேறொருவரும் பார்க்கவில்லை. ஆட்கள் சத்தம் போட்டார்கள், யாரோ சைக்கிளை உதைத்து விழுத்தினார்கள். நானும் திட்டப் போகிறவள்போலக் கிட்டப் போனேன். அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"பெயின்ற் மணம் அப்பிடி இராது பிள்ளை. எனக்குத் தெரியும். நாலாந்தரம் கேட்டிருக்க வேணும். உங்கட வாய்க்குப் பயந்து விட்டிட்டன்."

அதற்குப் பிறகு எங்கள் கரையிலிருந்து ஒருவரும் அவரிடம் சாமான் கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் பத்தியின் தகரத்தைக் கழற்றிவிட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது சந்திக் கடையில் ஒட்டுகிறோம். அங்கே இருக்கிற பொடியன் ஒன்றும் கேட்கமாட்டான். "பயப்பிடாதேங்கோ அக்கா" என்று அரை மணித்தியாலத்தில் தந்துவிடுவான். தம்பியின் கை தோளுக்கு மேல் உயராது. கடலுக்கு இனி ஏலாது, கரையிலிருந்து வலை பொத்துகிறான். மாரியில் கை உளையும்போது அந்த மனிதரைத் தூஷணத்தால் திட்டுவான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். மாதாவுக்கு நேர்ந்தது இன்னும் நேர்ந்தபடியே கிடக்கிறது.

போன வருஷம் திருகோணமலை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். கழுத்தில் மாதா படம் மட்டும் இருந்தது, திறப்பு இல்லை. நான் முகத்தைத் திருப்புமுன் கிட்ட வந்துவிட்டார்.

"தம்பியின்ர கை சுகமோ பிள்ளை?"

"சுகம் அண்ணை."

பிள்ளைகளை விசாரித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, "கை சுகமோ?"

"ஓம், நல்ல சுகம்."

பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "கடலுக்குப் போறானோ? கை சுகம்தானே?"

"போறான் அண்ணை. சுகம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சவர்க்காரக் கோட்டைப் பார்க்கிற அதே பார்வை. என் முகத்தில் என்ன நிறம் வந்ததோ தெரியாது.

"பிள்ளை," என்றார், "நாலாந்தரமும் கேக்கிறன்..."

பக்கத்தில் ஒரு பஸ் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொற்றி ஏறிவிட்டேன். கொண்டக்டர் காசு கேட்டபோதுதான் தெரிந்தது, அது எங்கள் ஊருக்குப் போகிற பஸ் இல்லை, எதிர்ப்பக்கம் கிண்ணியாவுக்குப் போவது. இறக்கிவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.